உஷார்! உங்கள் வாடிக்கையாளரின் முகவரி அடுத்தவர் திரையில்!

சர்வர் பதில் தர நேரமாகிறது என்று பேஜ்ஸ்பீடு சோதனை சிவப்பில் காட்டியதுமே, ஒரு கேஷ் பிளக்இன்னைப் போட்டு, கிளவுட்ஃபிளேரில் 'கேஷ் எவ்ரிதிங்' விதியையும் தட்டிவிட்டீர்களா? ஆன்லைன் கடை நடத்துபவர் என்றால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள்.

முதல் பைட் 0.8 வினாடிக்குள் வந்தால் நல்லது, 1.8 தாண்டினால் மோசம் என்பது கூகுள் வைத்திருக்கும் கணக்கு. டைனமிக் தளத்தில் ஒவ்வொரு பக்கமும் கேட்கிறவருக்காக டேட்டாபேஸைத் துழாவி அப்போதைக்கப்போது தயாராவதால்தான் தாமதம். கேஷ் இருந்தால் ஒருமுறை தயாரான பக்கமே அடுத்தவருக்கும் போகும். முகப்புப் பக்கம் என்றால் சரி. அதுவே 'என் ஆர்டர்கள்' பக்கமாக இருந்தால்? ஒருவரின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் அடுத்து வருபவருக்குப் போய்விடும். ஹேக்கரே தேவையில்லை!

நடந்த கதைதான் இது. 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் கேம் கடையின்மேல் இணையத் தாக்குதல். டிராஃபிக் எகிறியது. சமாளிக்கப் போட்ட கேஷ் அமைப்பில் பிழை. சுமார் ஒன்றரை மணி நேரத்தில், ஏறக்குறைய 34,000 பேரின் சொந்த விவரங்கள் அடங்கிய பக்கங்கள் மற்றவர்கள் கண்ணில் பட்டிருக்கலாம் என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே அறிவித்தது. கடையையே மூடித்தான் சரிசெய்தார்கள்.

உடனே செய்ய வேண்டியவை:

• ஒரு பிரவுசரில் லாகின் செய்து 'என் கணக்கு' பக்கத்தைத் திறங்கள். அதே பக்கத்தின் யுஆர்எல்லை இன்னொரு பிரவுசரில் லாகின் இல்லாமல் திறங்கள். முதலில் லாகின் செய்தவரின் பெயர் தெரிந்தால் ஆபத்து!

• கணக்கு, கார்ட், செக்அவுட் பக்கங்களின் கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் 'நோ-ஸ்டோர்' இருக்கிறதா பாருங்கள். 'நோ-கேஷ்' போதாது, அது சேமிப்பதைத் தடுக்காது, மறுபடி கொடுக்குமுன் சர்வரிடம் கேட்கச் சொல்லும், அவ்வளவுதான்.

• லாகின் குக்கீயோடு வருகிறவர்களுக்குக் கேஷ் வேண்டாம் என்று பிளக்இன், சிடிஎன் (இங்கே கிளவுட்ஃபிளேர்) இரண்டிலும் விதி போடுங்கள். ஒன்றில் மட்டும் போட்டால் மற்றது கவிழ்த்துவிடும்.

• ஏற்கெனவே கசிந்திருந்தால் 'கேஷ் எவ்ரிதிங்' விதியை நிறுத்துவதோடு விடாதீர்கள். சேமித்த பக்கங்கள் அத்தனையையும் அழித்து, எல்லாரையும் லாக்அவுட் செய்யுங்கள். யாருடைய விவரம் போயிருக்கலாமோ, அவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள்.

சரி, லாகின் பக்கங்கள் மெதுவாகவே இருக்கட்டுமா? வேண்டாம். டேட்டாபேஸின் ஸ்லோ கொயரி லாகைத் திறந்து, இழுத்தடிக்கும் கொயரிக்கு இண்டெக்ஸ் போடுங்கள். பிஎச்பி என்றால் ஆப்கேஷ் ஓடுகிறதா பாருங்கள். வேர்ட்பிரஸ் என்றால், பயன்படுத்தாத பிளக்இன்கள் ஆட்டோலோடில் விட்டுப்போன குப்பையைக் கழியுங்கள். வேகமும் வரும், விவரமும் கசியாது.

இதையெல்லாம் கூட்டமில்லாத நாளில் செய்துவிடுங்கள். தீபாவளி ஆஃபர் நடுவில் சர்வர் திணறும்போது மட்டும் கேஷ் விதியில் கை வைக்கவே வைக்காதீர்கள்!