வயிறு சுருக்கும் ஆப்பரேஷனும் முதுகு வலியும்

செம்பனைக் குலை தூக்கியே முதுகு போனவர்கள் நம்மில் அதிகம். உடம்பும் கனத்துவிட்டால் முதுகெலும்புக்கு இரட்டைச் சுமை. வயிறு சுருக்கும் ஆப்பரேஷனுக்குப் பிறகு எடை இறங்கினால் பலருக்கு வலி குறைகிறது. ஆனால் தேய்ந்த எலும்பு புதிதாகிவிடாது. ஆகவே முன்கூட்டியே தினமும் நடந்து பழகுங்கள், சிகரெட்டை விடுங்கள்.

ஆப்பரேஷனுக்குப் பிறகு, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தார் என்று போன்ஸ்தான், வோல்தரன் விழுங்காதீர்கள். வயிற்றையும் குடலையும் இணைத்த இடத்தில் புண்ணாகி இரத்தம் கசியலாம். மலம் தார் மாதிரி கறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் ஆப்பரேஷன் ஆனதை முதலில் சொல்லிவிடுங்கள். வலிக்குப் பனடோல் சாப்பிடலாம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு 8-க்கு மேல் கூடாது. குடிப்பழக்கமோ ஈரல் நோயோ உள்ளவர்கள் அதையும் கேட்டுத்தான் சாப்பிடவேண்டும். கால் மரத்து, சிறுநீரும் அடைத்துக்கொண்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.