செத்துப்போன வீடியோ கேமுக்கு உயிர் கொடுக்கும் உள்ளங்கை கம்ப்யூட்டர்!

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பச்சைப் பலகை. எடை 50 கிராம்கூட இல்லை.

அதை டி.வி.யில் மாட்டி ஸ்விட்சைத் தட்டினால்... 1985-ம் ஆண்டு வெளிவந்த "சூப்பர் மரியோ" துள்ளிக் குதித்துக்கொண்டு வருகிறான்!

"அட, அந்த மிஷின்தான் எப்பவோ பேரீச்சம்பழத்துக்குப் போயிடுச்சே! இது எப்படி?" என்று கேட்கிறீர்களா?

அதன் விவரம் வருமாறு:-

ஊதி ஊதி ஆடிய காலம்

1990-களில் நம் ஊர் வீடுகளிலும் வீடியோ கேம் மிஷின்கள் புகுந்தன. பெரும்பாலானவை ஜப்பானின் "நின்டெண்டோ" மிஷினைப் பார்த்துச் செய்த காப்பிகள்.

கேசட் மீது "9999 இன் ஒன்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு சில கேம்களே திரும்பத் திரும்ப வரும்!

படம் வரவில்லையா? கேசட்டைப் பிடுங்கி, "ப்பூ" என்று ஊதி, மறுபடியும் சொருகுவார்கள். நடுவில் கரண்ட் போனால் போச்சு. முதலிலிருந்து ஆட வேண்டும்.

அந்த மிஷின்கள் பரணுக்குப் போயின. பிறகு காயலான் கடைக்குப் போயின. மிஷின் செத்தால், அதில் ஆடிய கேமும் செத்தது மாதிரிதான்.

அமெரிக்காவில் உள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் ஒரு கணக்கு எடுத்தது. அந்நாட்டில் 2010-க்கு முன் வெளிவந்த கேம்களில் 100-க்கு 87 இப்போது விற்பனையில் இல்லை என்று தெரியவந்தது.

பிள்ளைகளுக்காகப் பிறந்தது

இந்தப் பலகையின் பெயர் "ராஸ்பெரி பை". இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தது. எபன் அப்டன் என்ற என்ஜினீயரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து உருவாக்கினார்கள்.

1980-களில் இங்கிலாந்துப் பிள்ளைகள் வீட்டு கம்ப்யூட்டரில் தாங்களே புரோகிராம் எழுதினார்கள். பிறகு கேம் மிஷின்கள் வந்தன. பிள்ளைகள் எழுதுவதை விட்டுவிட்டு ஆட ஆரம்பித்தார்கள். அவர்களை மறுபடியும் எழுத வைப்பதற்காகத்தான் இந்த மலிவு கம்ப்யூட்டர்.

2012-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். கேம் மிஷினுக்குப் போட்டியாக வந்த அதே பலகைக்குள், அதே ஆண்டிலேயே பழைய கேம் மிஷின்களைப் புகுத்திவிட்டார்கள் ரசிகர்கள்! அந்த சாப்ட்வேரின் பெயர் "ரெட்ரோபை".

மிமிக்ரி ரகசியம்

மிமிக்ரி கலைஞர் ஒருவரே பத்து நடிகர்களின் குரலில் பேசுகிறார் அல்லவா? அதே வேலையைத்தான் "எமுலேட்டர்" என்ற சாப்ட்வேர் செய்கிறது. "நான்தான் அந்தப் பழைய மிஷின்" என்று கேமை நம்ப வைக்கிறது. கேமும் நம்பி ஓடுகிறது.

1983-ல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ மிஷினின் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். வேலை செய்ய அதற்கு இருந்த நினைவகம் 2 கிலோபைட். முதல் ராஸ்பெரி பையின் வேகமோ 700 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 256 மெகாபைட்.

மரியோ கேம் முழுவதுமே 40 கிலோபைட்தான். செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ பிடிக்கும் இடத்தில் இதுபோல் 50 கேம்களை அடக்கிவிடலாம்!

செய்வது எப்படி?

வேலை ஒன்றும் கம்பசூத்திரம் அல்ல. ரெட்ரோபை சாப்ட்வேரை இலவசமாக இறக்கி, ஒரு மெமரி கார்டில் ஏற்ற வேண்டும். கார்டைப் பலகையில் சொருகி, டி.வி.க்கு எச்.டி.எம்.ஐ. வயர் கொடுத்து, கையில் பிடித்து ஆடும் பட்டன் பெட்டியை யு.எஸ்.பி.யில் மாட்ட வேண்டும்.

முதல் தடவை "இந்தப் பட்டனை அமுக்கு, அந்தப் பட்டனை அமுக்கு" என்று கேட்கும். அமுக்கினால் சரி.

உஷாராக இருக்க வேண்டிய இடங்கள் இரண்டு.

முதலாவது கரண்ட். கண்ட செல்போன் சார்ஜரை மாட்டினால் திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் அடையாளம் தெரியும். "எனக்குக் கரண்ட் பத்தலை" என்று பலகை சொல்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, ஆடி முடித்ததும் ஸ்விட்சைப் படக்கென்று பிடுங்கக் கூடாது. மெனுவில் போய் முறைப்படி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கார்டில் உள்ளதெல்லாம் கெட்டுப்போகலாம்.

இன்னொன்று. நின்டெண்டோ, சேகா, முதல் பிளேஸ்டேஷன் கேம்கள் நன்றாக ஓடும். நின்டெண்டோ 64 கேம்கள் சில திக்கித் திணறும்.

கோர்ட்டுக்குப் போன சோனி

"இதெல்லாம் சட்டப்படி சரியா?" என்று கேட்டால், பதில் இரண்டு பாகம்.

எமுலேட்டர் செய்வது குற்றம் இல்லை. மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரில் பிளேஸ்டேஷன் கேமை ஓட வைத்த "கனெக்டிக்ஸ்" என்ற கம்பெனி மீது சோனி 1999-ல் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. 2000-ம் ஆண்டு அப்பீல் கோர்ட்டு கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பிளேஸ்டேஷன் கேமை ஓட வைக்கும் ராஸ்பெரி பை பலகைகள் தயாராவது, வேல்ஸ் நாட்டில் உள்ள சோனியின் தொழிற்சாலையில்தான்!

நின்டெண்டோவும் 2016-ல் 30 பழைய கேம்களை அடக்கிய குட்டி மிஷின் ஒன்றை விற்றது. அதற்குள்ளும் இருந்தது இதே மிமிக்ரிதான் என்பது குறிப்பிடத்தக்கது.

கேம் யாருடையது?

பலகை உங்களுடையது. சாப்ட்வேர் இலவசம். ஆனால் கேமுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். சிக்கல் இங்கேதான்.

கம்பெனி வெளியிட்ட கேமுக்கு அமெரிக்காவில் 95 ஆண்டு காப்புரிமை. 1985-ல் வந்த கேம் 2081-ல்தான் பொதுச்சொத்து ஆகும். அன்று அதை ஆடிய பையனின் பேரனே அப்போது நடுவயது ஆசாமியாக இருப்பான்!

ஸ்விட்ச் மிஷினுக்கு "யூசு" என்ற எமுலேட்டர் செய்தவர்கள் மீது நின்டெண்டோ வழக்குப் போட்டது. 2024-ல் 24 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்து, கடையைக் கட்டினார்கள்.

"பத்தாயிரம் கேம் ஏத்தின கார்டு, ரெடியா இருக்கு சார்!" என்று யாராவது கூப்பிட்டால் ஏமாறாதீர்கள். ரெட்ரோபை குழுவினர் ஒரு கேமைக்கூடச் சேர்த்துத் தருவது இல்லை. அவர்கள் சாப்ட்வேரைக் காசுக்கு விற்பதற்கும் அனுமதி இல்லை.

முறையாக வாங்கிய புரோகிராம் கெட்டுப்போகாமல் இருக்க ஒரு நகல் எடுத்து வைக்கலாம் என்று நமது 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த "9999" கேசட்டைக் காட்டி உரிமை கொண்டாட முடியாது. அதுவே திருட்டுச் சரக்கு!

நேர் வழியும் உண்டு. சொந்தக்காரர்களே இலவசமாக விட்ட சில பழைய கேம்கள் இருக்கின்றன. 1993-ல் வந்த "டூம்" கேமின் முதல் பாகத்தை அதன் கம்பெனியே எல்லோருக்கும் சும்மா கொடுத்தது. பழைய மிஷின்களுக்காகப் புதிதாகக் கேம் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே, பரணில் அசல் பிளேஸ்டேஷன் சி.டி. கிடந்தால் தூக்கிப் போட்டு விடாதீர்கள். தூசி தட்டி வையுங்கள். அந்தப் பழைய கேமை வீட்டுப் பையனுக்குக் காட்டும்போது, உங்கள் கையில் இருக்கும் நேர்மையான டிக்கெட் அது ஒன்றுதான்!