தேநீரும் மன அமைதியும்

தீபாவளி நெருங்குங்கால் தறிக்காரருக்கு உறக்கம் குறைகின்றது. பசுந்தேயிலையின் விலை இறங்குங்கால் நீலகிரிச் சிறு விவசாயிக்கும் அதே நிலைதான். மனம் கலங்கும் இவ்வேளைகளில் இருசாராரும் நாடுவது ஒரு குவளைத் தேநீரையே. இப்பழக்கத்தின் நன்மை யாது, அதன் எல்லை எது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

தேயிலையில் குறிப்பிடத்தக்க பொருள்கள் இரண்டு. ஒன்று காபீன், அது மூளையை விழிப்புறச் செய்வது. மற்றொன்று தியானின், 1949-ஆம் ஆண்டில் ஜப்பானில் கண்டறியப்பட்ட இப்பொருள், பரபரப்பைத் தணிக்க உதவக்கூடும் என்பர்.

லண்டன் யூனிவர்சிடி கல்லூரியார் 75 ஆடவரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2007-இல் வெளியாயிற்று. ஒரு சாரார் ஆறு வாரங்கள் தேயிலைச் சத்துள்ள பானத்தை அருந்தினர். மறு சாரார் அதே சுவையும் காபீனும் உள்ள போலிப் பானத்தை அருந்தினர். பின்னர் மனத்தை வருத்தும் வேலைகள் தரப்பட்டன. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் இருசாராருக்கும் ஒன்றுபோலவே உயர்ந்தன. ஆயினும் 50 நிமிடங்களுக்குப் பின், மனக்கலக்கத்தின்போது மிகுதியாகச் சுரக்கும் கார்டிசால், தேயிலைச் சத்தை அருந்தியோரிடம் 47 சதவீதமும் ஏனையோரிடம் 27 சதவீதமும் குறைந்திருந்தது. தேநீர் கலக்கத்தைத் தடுக்கவில்லை. அதிலிருந்து விரைவில் தெளிய உதவிற்று. சோதனை சிறியது, ஆதலால் இதனைப் பொது விதியாகக் கொள்ளலாகாது.

அளவு மிஞ்சினால் பயன் கெடும். ஒரு குவளைத் தேநீரில் ஏறக்குறைய 40 முதல் 50 மில்லிகிராம் காபீன் இருக்கும். ஆரோக்கியமுள்ள பெரியவர்க்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராமும், கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராமும் மேல்வரம்பு என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு நிறுவனம் 2015-இல் கூறியது. மிகுந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உறக்கம் கெடும். நடுங்கும் கைக்கு அறுந்த இழையை முடிவதும் அரிதாகும். ஆகவே மாலைக்குமேல் தேநீரை விடுதல் நன்று. பசித்த வேளையில் உணவுக்குப் பதிலாகத் தேநீர் அருந்துதல் கூடாது. உணவோடு அருந்தினால் கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் கழித்து அருந்துக. இரத்தச்சோகையுள்ள பெண்கள் இதனை முக்கியமாகக் கவனித்தல் வேண்டும்.

தவணை தவறிய அங்கத்தினர் சங்கக் கூட்டத்துக்கு வரக் கூசி, டீக் கடையில் தனித்து அமர்ந்திருப்பதைச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் காண்கிறோம். தேநீர் தருவது சற்றுநேரத் தெளிவு; கடன் அங்ஙனமே நிற்கும். அத்தெளிவு நீங்குமுன் எழுந்து சென்று காரியதரிசியிடம் நிலைமையைக் கூறுக. தவணை நாளுக்கு முன்னரே கூறினால் வழி காண்பது எளிது. நிர்வாகிகளும் அவரைப் பலர்முன் கடிந்துகொள்ளாது, அமரச் செய்து கேட்டல் வேண்டும்.

கலக்கம் வாரக்கணக்கில் நீடித்து ஊணும் உறக்கமும் கெடுமாயின் மருத்துவரை நாடுக. 2022-இல் தொடங்கப்பெற்ற டெலி-மானஸ் என்னும் அரசாங்க மனநல உதவியை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பெறலாம்.

நீலகிரிச் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குத் தலைமைச் சங்கமாக 1965-இல் அமைந்தது இண்ட்கோசர்வ். தனியே நின்றவர்களின் கவலையைப் பகிர்ந்து சுமக்கவே இத்தகைய சங்கங்கள் தோன்றின. தேநீரையும் தனித்து அருந்தாது, கவலையைக் கேட்கும் ஒருவரோடு அமர்ந்து அருந்துவோமாக.