மினோவர் கட்டடங்கள் காட்டும் சமுதாயம்

ஒரு சமுதாயத்தினர் தம்மை யாவரென மதித்தனர், தம்முள் யாரை உயர்ந்தோராகக் கொண்டனர் என்பனவற்றை அறிய விழையும் வரலாற்றாசிரியன் முதற்கண் அவர்தம் எழுத்துக்களையே நாடுவான். எகிப்திய மன்னர் தம் வெற்றிகளைக் கோயிற் சுவர்களிற் பொறித்தனர். மெசொப்பொத்தேமிய வேந்தர் தம் ஆணைகளைக் களிமண் ஏடுகளில் விட்டுச் சென்றனர். அதே காலப்பகுதியிற் கிழக்கு மத்தியதரைக் கடலிலுள்ள கிறீற்றுத் தீவில் உயர்நிலை எய்திய மினோவரைப் பற்றியோ இத்தகைய சான்று கிடைத்திலது. அவர்கள் கையாண்ட ‘லீனியர் ஏ’ என்னும் எழுத்து இன்றுவரை வாசித்தறியப்படவில்லை. பெயரும் புகழும் பொறித்து நிற்கும் மன்னன் சிலை ஒன்றேனும் அங்கு காணப்படவில்லை. எனவே அச்சமுதாயத்தின் இயல்பை அறிதற்குத் தலையாய கருவியாக எஞ்சி நிற்பன அவர்தம் கட்டடங்களே.

‘மினோவர்’ என்னும் பெயர்தானும் அவர்கள் தமக்கு இட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கிரேக்கர் பழங்கதைகளில் வரும் மினோஸ் என்னும் மன்னனின் பெயரால் அது எழுந்தது. எகிப்தியர் அத்தீவினரைக் ‘கெப்தியு’ என வழங்கினர் என்பர். நொசொஸ் என்னுமிடத்தில் 1878 ஆம் ஆண்டில் அவ்வூர் வணிகர் மினோஸ் கலொக்கைரினோஸ் என்பார் முதன்முதல் அகழ்ந்தார். பின்னர் 1900 ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஆதர் ஈவன்ஸ் அங்கு விரிவான அகழ்வைத் தொடங்கினார். சில வாரங்களுள் ஓர் அறையிலே சுவரோடு சார்ந்த கல்லாசனம் ஒன்று வெளிப்பட்டது. அதனை அவர் அரியணை எனக் கொண்டார், கட்டடம் அரண்மனையாயிற்று, மண்டபங்கள் அரசனுக்கும் அரசிக்கும் உரியனவாயின. இடிந்த பகுதிகள் பலவற்றை அவர் கொங்கிறீற்றினால் மீளக் கட்டுவித்தமையால், அவர்தம் கருத்தும் அக்கட்டடத்தோடு சேர்ந்து உறுதிபெற்றது. ஆயினும் பெருங்கட்டடம் இருந்தமையால் மட்டும் பேரரசன் ஒருவன் இருந்தானெனத் துணிதல் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

இவ்வினாவிற்கு விடை காண, பெருங்கட்டடங்களுக்கு முற்பட்ட காலத்தை முதலில் நோக்குதல் வேண்டும். கி. மு. மூன்றாம் ஆயிரவாண்டில் தென்கிறீற்றின் மெசாராச் சமவெளியில் வாழ்ந்தோர் பெரிய வட்டக் கல்லறைகளை அமைத்தனர். பிளாத்தனோஸ் என்னுமிடத்திலுள்ள ஒன்றின் உள்விட்டம் ஏறக்குறைய 13 மீற்றர் ஆகும். இவை தனியொருவரின் நினைவிற்காக எழுந்தவையல்ல. பல தலைமுறையினர் பல நூற்றாண்டுகளாக ஒரே கல்லறையில் அடக்கஞ் செய்யப்பட்டனர். முன்னோர் எலும்புகளை ஒருபுறம் ஒதுக்கிப் பின்னோர்க்கு இடமளித்தனர். வாழ்வோரின் குடிசைகளினும் மாண்டோரின் இல்லமே உறுதியாகக் கட்டப்பட்டமை, இன்ன குழுவினைச் சேர்ந்தோம் என்னும் உணர்வுக்கு அக்கல்லறையே நிலைக்களமாயிருந்தது என்பதைப் புலப்படுத்தும்.

அக்காலத்துச் சிற்றூர் ஒன்று தென்கரையில் மிர்தோஸ் அருகே உளது. 1967, 1968 ஆம் ஆண்டுகளில் அதனை அகழ்ந்த பீற்றர் வாறென், நெருங்கித் தொடர்ந்த அறைகளைக் கண்டு, ஒரே கூட்டுக் குடியினர் வாழ்ந்த தனிக்கட்டடம் அது எனக் கருதினார். 1983 இல் ரொட் வைற்லோ அதே அறைகளை மீண்டும் ஆராய்ந்தார். சமையலுக்கும் சேமிப்புக்கும் பிற தொழில்களுக்குமுரிய அறைகள் ஐந்தாறு தொகுதிகளாகப் பிரிந்திருத்தலைச் சுட்டி, அவை ஐந்தாறு தனிக் குடும்பங்களின் வீடுகளே என அவர் நிறுவ முயன்றார். சுவர்கள் மாறவில்லை, அவற்றை வாசிக்கும் முறையே மாறியது. அடுப்பு எத்தனை, வாயில் எங்குளது, எவ்வறையினின்று எவ்வறைக்குச் செல்லலாம் என்பனவே சமுதாய உறவுகளை அளக்கும் கோல்கள் என்பதற்கு இஃது ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

கி. மு. 1900 அளவில் நொசொஸ், பைஸ்தோஸ், மாலியா ஆகிய இடங்களில் முதற் பெருங்கட்டடங்கள் எழுந்தன. கி. மு. 1700 அளவில் அவை அழிவுற, அவ்விடங்களில் முன்னையவற்றினும் சிறந்தவை கட்டப்பட்டன. கிழக்குக் கரையிலுள்ள சாக்றோசிலும் அத்தகைய கட்டடம் ஒன்று இருந்தது. இவை அனைத்தின் உயிர்நிலை நடுமுற்றமேயாகும். நொசொசின் நடுமுற்றம் ஏறக்குறைய 50 மீற்றர் நீளமும் 25 மீற்றர் அகலமும் உடையது. சாக்றோசினது அதனிற் சிறியது. எல்லாம் பெரும்பாலும் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றன. மேற்குப் புறத்திலோ கல் பாவிய வெளிமுற்றம் உண்டு. அதன் குறுக்கே சற்று உயர்ந்த ஒடுங்கிய நடைபாதைகள் செல்கின்றன. அவற்றில் மக்கள் அணிவகுத்துச் சென்றனர் எனக் கருதலாம். நொசொசிலும் பைஸ்தோசிலும் கூடிநின்று காண்பதற்கேற்ற படிக்கட்டு வரிசைகளும் உள. நொசொசிற் கிடைத்த சிறு சுவரோவியம் ஒன்று திரளான ஆண் பெண் தலைகளையும் முன்னே அமர்ந்திருக்கும் மகளிரையும் காட்டுகின்றது. அக்கூட்டத்தின் நடுவே அரசன் எவனும் தோன்றவில்லை.

இக்காரணங்களால் அண்மைக்கால ஆய்வாளர் பலர் ‘அரண்மனை’ என்னுஞ் சொல்லைத் தவிர்த்து, ‘முற்றத்தை மையமாகக் கொண்ட கட்டடம்’ என்றே வழங்குகின்றனர். விழவும் விருந்தும் வழிபாடும் நிகழ்ந்த பொதுவிடமாகவே அவர்கள் அதனைக் காண்கின்றனர். எனினும் அங்கு ஏற்றத்தாழ்வு இல்லையெனக் கூறல் பொருந்தாது. செதுக்கிச் சதுரித்த கற்களாலான மேற்குச் சுவரின் பின்னே, பெருந்தாழிகள் நிறைந்த களஞ்சிய அறைகள் வரிசையாக உள்ளன. முற்றத்திற் கூடியோர் அனைவரும் அவ்வறைகளுட் புகுந்தனர் அல்லர்.

யார் உட்புகலாம் என்பதை வரையறுத்த கருவி கதவேயாகும். மினோவ மண்டபத்தின் ஒருபுறத்தில், சிலவிடங்களிற் பலபுறங்களில், சுவருக்குப் பதிலாகத் தூண்வரிசையும் தூணிடைதோறும் இரட்டைக் கதவுகளும் இருந்தன. திறந்தபோது கதவுகள் தூண்களின் பக்கத்து ஒதுக்குகளில் அடங்க, மண்டபம் அடுத்த அறையோடு ஒன்றாகிவிடும். மூடியபோது அதுவே சுவராகும். அப்பால் வானை நோக்கித் திறந்த ஒளிமுற்றம் காற்றும் வெளிச்சமும் தரும். ஒரே மண்டபம் இன்று பலர் கூடுமிடமாகவும் நாளை சிலர்க்கே உரிய மறைவிடமாகவும் மாறவல்லது. அக்கதவுகளைத் திறக்கவும் மூடவும் உரிமை பெற்றோரே அச்சமுதாயத்தின் உயர்ந்தோர் எனலாம்.

இவ்வமைப்புப் பெருங்கட்டடங்களோடு நின்றுவிடவில்லை. திலிசோஸ், நீரு ஹானி முதலிய இடங்களிலுள்ள பெருமனைகளிலும் அத்தகைய மண்டபங்கள் காணப்படுகின்றன. 1901 முதல் 1904 வரை ஹரியெற் போய்ட் என்னும் அமெரிக்கப் பெண்மணி அகழ்ந்த கூர்ணியா நகரிலே, தச்சர் முதலிய தொழிலாளரின் சிறு வீடுகள் கல் பாவிய ஒடுங்கிய தெருக்களின் இருமருங்கும் நெருங்கியுள்ளன. மேட்டின் உச்சியிலோ முற்றத்தோடு கூடிய பெரிய கட்டடம் ஒன்று, நொசொசைச் சிறிய அளவிற் பின்பற்றி நிற்கின்றது. உள்ளூர்த் தலைவர் தம் மேன்மையைக் கட்டடத்தின் வாயிலாகவே அறிவித்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

கடல் கடந்தும் அப்பாணி பரவியது. தீரா என்னும் தீவில் எரிமலைச் சாம்பலுள் மூழ்கிய அக்றோத்திரி நகரை 1967 முதல் ஸ்பிரிடோன் மரினாத்தோஸ் அகழ்ந்தார். பல கதவுகளையுடைய மண்டபங்களும் படியிறங்கிச் செல்லும் தாழ்ந்த அறையும் அங்கும் வெளிப்பட்டன. ஆனால் நடுமுற்றத்தோடு கூடிய பெருங்கட்டடம் எதுவும் இதுவரை தோன்றவில்லை; தம் பழைய மட்கல மரபையும் அத்தீவினர் கைவிடவில்லை. அவர்கள் கிறீற்றினராக மாறாமலே கிறீற்றின் நாகரிகத்திற் பங்கு கொண்டனர் போலும். கட்டடப் பாணி ஒன்றாயிருத்தல் கொண்டு இனமும் ஒன்றெனத் துணிதல் தவறு என்பதை இது தெளிவுறுத்தும்.

கி. மு. 1450 அளவிற் கிறீற்றின் பெருங்கட்டடங்களும் மனைகளும் பல எரிந்தழிந்தன. நொசொஸ் மட்டும் தொடர்ந்து இயங்கியது. அங்கு கிடைத்த ‘லீனியர் பீ’ ஏடுகளின் மொழி கிரேக்கமே என 1952 இல் மைக்கேல் வென்றிஸ் கண்டறிந்தார். ‘வனக்ஸ்’ என்னும் வேந்தன் பட்டம் அவ்வேடுகளில் வருகின்றது. ஈவன்ஸ் கண்ட அரியணை அறையின் இறுதி வடிவமும் இப்பிற்காலத்ததே என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. எனவே நொசொசில் அரசன் ஒருவன் ஐயமின்றிப் புலப்படும் காலம் மினோவர் தம் சிறப்பிழந்த காலமேயாகும்.

தம்மைப் பற்றி ஒரு சொல்லும் உரைக்காது மறைந்த மக்களுக்கு அரசரையும் அரசியரையும் பிற்காலத்தார் எளிதிற் படைத்தளித்தனர். கல்லறையும் முற்றமும் கதவும் காட்டுவதோ, கூடி வாழ்தலையும் வேறுபடுத்தி விலக்கலையும் ஒருங்கே அறிந்த ஒரு சமுதாயத்தை. அவர்களுக்கு நீதி செய்ய விரும்பும் ஆராய்ச்சியாளன், பிறர் இட்ட பெயர்களை ஒருபுறம் வைத்து, அவர்கள் அமைத்த வாயில்களின் வழியே உட்புகுதல் வேண்டும்.