ரயிலோடு மாங்காய் விலையும் வேண்டும்!

கிருஷ்ணகிரி மக்களவைத் தொகுதியில் 2024-ல் காங்கிரஸ் வேட்பாளர் கே.கோபிநாத் வென்றார். தேர்தல்தோறும் இங்கே ஒலிக்கும் கோரிக்கை, ஓசூர்-ஜோலார்பேட்டை ரயில் பாதை. அது தேவைதான். ஆனால், குருபரப்பள்ளி வட்டார மா விவசாயிகளுக்கு அதைவிட அவசரம், மாங்கூழ் ஆலைகள் தரும் விலை.

2025-ல் தோத்தாபுரி விலை சரிந்தது. பக்கத்து கர்நாடக விவசாயிகளுக்குச் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் கிலோவுக்குச் சுமார் 16 ரூபாய் என விலை நிர்ணயித்து, 2.5 லட்சம் டன் வரை வித்தியாசத் தொகை தர மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. செலவில் மத்திய, மாநில அரசுகளுக்குச் சரிபாதிப் பங்கு.

இதற்கு மாநில அரசுதான் முதலில் கோரிக்கை அனுப்ப வேண்டும். எனவே, எம்.பி-யிடம் மட்டும் மனு கொடுத்தால் போதாது. எம்.எல்.ஏ-விடமும், ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்திலும் கொடுங்கள். அறுவடைக்கு முன்பே கொடுங்கள். மாங்காய் விற்ற ரசீதையும் எடைச்சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.