உங்களுக்குத் தெரியுமா? பெண் கைதிகளுக்கு 25,566 குல்லாய்கள்!

பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட பெண் கைதிகள் 25,566 பேர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு துணிக் குல்லாய் தைப்பதுதான் டாஸ்மேனியக் கலைஞர் கிறிஸ்டினா ஹென்றி தொடங்கிய ‘ரோஸஸ் ஃப்ரம் த ஹார்ட்’ திட்டம்.

• தைத்துக் கொடுப்பவர்கள் பொதுமக்கள். குல்லாயில் அந்தப் பெண்ணின் பெயர் இருக்கும், அவர் வந்த கப்பலின் பெயரும் இருக்கும். ஒருவருக்கு ஒன்று; யாரும் விடுபடக் கூடாது.

• பெரும்பாலோர் மீதான குற்றச்சாட்டு திருட்டு. வறுமையில் எடுத்த துணிமணிக்குக்கூட 7 ஆண்டு நாடுகடத்தல்! தண்டனை முடிந்தாலும் ஊர் திரும்பக் கப்பல் கட்டணத்துக்கு வழியில்லை.

• டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரில் இக்கைதிகளை அடைத்த கேஸ்கேட்ஸ் பெண்கள் சிறைக்கூடம் 1828-ல் திறக்கப்பட்டது. துணி வெளுப்பதும் தையலும் அங்கே அன்றாட வேலை. கொடுமையின் உச்சம் வேறு: பால்குடி மறந்ததும் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்தார்கள். நெரிசலிலும் நோயிலும் பல நூறு பிஞ்சுகள் மடிந்தன. அந்த இடம் 2010 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்று.

• ஹோபார்ட் துறைமுகத்தில் இப்பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வெண்கலச் சிலைகள் உண்டு. 2017-ல் அவற்றைத் திறந்துவைத்தவர், அப்போதைய அயர்லாந்து அதிபர் மைக்கேல் டி. ஹிக்கின்ஸ்.

• அச்சிலைகளை வடித்த சிற்பி ரோவன் கில்லெஸ்பி அயர்லாந்துக்காரர். 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் வாடியவர்களுக்காக, எலும்பும் தோலுமாய் நடக்கும் மனிதர்களை டப்ளின் ஆற்றங்கரையில் 1997-ல் நிறுத்தியவரும் இவரே. அப்பஞ்சத்துக்குத் தப்பிக் கனடாவில் கரையேறியவர்களுக்காக இவர் வடித்த சிலைகளை டொரண்டோவில் காணலாம். அவை 2007-ல் திறக்கப்பட்டன.