வெளிக்கூட்டு எலெக்ட்ரான்களும் களர் நிலமும்

பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் களர் நிலங்கள் பரந்து கிடக்கின்றன. மழை பெய்தால் நீர் மண்ணுள் இறங்காது மேலே தேங்கும்; காய்ந்தால் நிலம் கட்டிப்பட்டு இறுகும். இத்தகைய நிலத்திற்கு ஜிப்ஸம் இடுமாறு கள ஊழியர்கள் உழவர்க்குக் கூறுவது வழக்கம். ஜிப்ஸம் எவ்வாறு மண்ணைத் திருத்துகிறது என்ற வினாவிற்கு விடை காண, அணுவின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

அணுவின் நடுவே நேர்மின்னேற்றமுள்ள கரு உள்ளது. அதனைச் சூழ்ந்து எதிர்மின்னேற்றமுள்ள எலெக்ட்ரான்கள் கூடுகளாக அமைந்துள்ளன. உட்கூடுகளில் உள்ளவற்றைக் கரு இறுகப் பற்றியுள்ளது. வெளிக்கூட்டில் உள்ளவையே பிற அணுக்களுடன் சேர்வதற்கு உதவுகின்றன. நியானின் வெளிக்கூட்டில் 8 எலெக்ட்ரான்கள் உள்ளன. அது பிற தனிமங்களுடன் சேராது தனித்தே நிற்கிறது. இத்தகைய நிறைவான அமைப்பை எய்தும் வகையிலேயே அணுக்கள் சேர்கின்றன என்னும் கருத்தை, 1916-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கோஸெலும் அமெரிக்காவில் லூயிஸும் தனித்தனியே வெளியிட்டனர்.

ஸோடியத்தின் 11 எலெக்ட்ரான்கள் 2, 8, 1 என அமைந்துள்ளன. வெளியிலுள்ள ஒன்றை இழந்து, அது ஒரு நேர்மின்னேற்றமுள்ள அயனியாகிறது. கால்ஸியத்தின் 20 எலெக்ட்ரான்கள் 2, 8, 8, 2 என அமைந்துள்ளன. அது இரண்டை இழந்து, இரு நேர்மின்னேற்றங்களைப் பெறுகிறது. இழத்தலும் ஏற்றலும் மட்டுமன்றி, எலெக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் முறையும் உண்டு. ஜிப்ஸத்தில் இரு முறைகளையும் ஒருங்கே காணலாம். அதிலுள்ள ஒரு கந்தக அணுவும் நான்கு ஆக்ஸிஜன் அணுக்களும் எலெக்ட்ரான்களைப் பகிர்ந்து, ஸல்பேட் என்னும் ஒரே தொகுதியாக நிற்கின்றன. கால்ஸியமோ மின்கவர்ச்சியால் மட்டுமே அத்தொகுதியுடன் பிணைந்துள்ளது. ஆகவே ஜிப்ஸம் நீரில் கரையும்போது ஸல்பேட் சிதைவதில்லை. கால்ஸியம் மட்டும் பிரிந்து செல்கிறது.

இனி மண்ணுக்கு வருவோம். களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் உடையவை; நேர்மின் அயனிகளைத் தம் மேற்பரப்பில் பற்றி வைத்திருக்கும். களர் நிலத்தில் அவ்விடத்தை ஸோடியம் மிகுதியாகக் கொண்டுள்ளது. ஒற்றை மின்னேற்றமுள்ள அதனால் துகள்களை நெருக்கிச் சேர்த்து வைக்க இயலாது. துகள்கள் நீரில் பிரிந்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. இரட்டை மின்னேற்றமுள்ள கால்ஸியம் ஸோடியத்தை வெளியேற்றி அவ்விடத்தில் அமர்ந்தால், துகள்கள் திரண்டு குருணைகளாகின்றன. நீரும் காற்றும் உட்செல்ல வழி பிறக்கிறது.

வெளியேறிய ஸோடியம், ஸோடியம் ஸல்பேட்டாக நீரில் கரைந்து நிற்கும். அதனை வேர்ப் பகுதிக்குக் கீழே கழுவி அகற்றாவிடில், செய்த செலவு வீணாகும். எனவே ஜிப்ஸத்தை மேல் மண்ணில் கலந்து, நீரைத் தேக்கி வடித்தல் இன்றியமையாதது. 1969-ஆம் ஆண்டு நிறுவப்பெற்று ஹரியானாவிலுள்ள கர்னாலில் இயங்கிவரும் மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிலையம், இம்முறையுடன் நெல்லை முதற் பயிராகக் கொள்ளுமாறு பரிந்துரைத்துள்ளது. இட வேண்டிய அளவை மண் பரிசோதனையைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும்.

உவர் நிலத்தைக் களர் நிலமெனக் கருதிவிடலாகாது. கரையும் உப்புகள் மட்டும் மிகுந்த உவர் நிலத்திற்கு, நல்ல நீரால் கழுவுதலும் வடிகால் வசதியுமே போதுமானவை. அங்கு ஜிப்ஸம் வாங்குவது உழவர்க்கு வீண் செலவாகும்.

ஆசிரியர்கள் இணைதிறனைப் போதிக்கையில், ஸோடியத்தின் 2, 8, 1 என்னும் அமைப்பையும் கால்ஸியத்தின் 2, 8, 8, 2 என்னும் அமைப்பையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, களர் நிலத்தைச் சான்றாகக் காட்டலாம். இரும்பு, தாமிரம் போன்ற தனிமங்களில் உட்கூட்டு எலெக்ட்ரான்களும் பங்கு கொள்வதுண்டு. அவற்றிற்கு எட்டு என்னும் கணக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் மாணவர்க்கு உடன் உணர்த்துதல் நலம்.